இரண்டு மானிட்டர்கள்: எதை நம்பித் திருத்துவது?

கல்யாணப் படங்களைத் திருத்துகிறவர்கள் பலரின் மேசையில் இன்று இரண்டு மானிட்டர்கள் இருக்கின்றன. ஒன்றில் படம், மற்றதில் கருவிப் பட்டைகளும் சிறுபடங்களும். மணப்பெண்ணின் முகம் ஒன்றில் இளஞ்சூடாகவும் மற்றதில் நீலம் பாய்ந்தும் தெரிகிறபோது, இரண்டையும் ஒன்றாக்கியே தீருவது என்று உட்கார்ந்துவிடுகிறோம். அந்த உழைப்பு எவ்வளவு பலன் தரும், எந்த இடத்திற்குமேல் வீண் என்பதைத் தீர்மானித்தாக வேண்டும்.

இரண்டின் மெனுவிலும் 6500 கெல்வின் என்று வைத்துவிடுவது எளிது. ஆனால் பயன் குறைவு. அந்த எண் தொழிற்சாலை ஒட்டிய பெயர்ச்சீட்டு. இரு நிறுவனங்களின் 6500 ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தவிர, நிறவெப்பநிலை மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையிலான சாய்வை மட்டுமே சொல்லும். ஒரு வெள்ளை பச்சைப் பக்கம் சாய்ந்திருக்கிறதா, ஊதாச்சிவப்புப் பக்கமா என்பது அதில் தெரியாது.

கண்ணை மட்டும் நம்பலாமா? பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரு நிறங்களின் வேறுபாட்டைக் கண் துல்லியமாகப் பிடிக்கும். ஆனால் எது சரியான வெள்ளை என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. எந்த வெள்ளைக்கும் சில நிமிடங்களில் பழகிவிடும். கண்ணால் மட்டும் பொருத்திய இரு திரைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போய், இரண்டுமே தவறாக இருக்கலாம். ஆல்பம் அச்சாகி வந்த பிறகே அது தெரியவரும்.

ஆகவே திரையின் ஒளியையும் நிறத்தையும் அளக்கும் கலரிமீட்டர் வேண்டும். இரு மானிட்டர்களுக்கும் டி65 வெள்ளை, காமா 2.2, சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா ஒளிர்வு என ஒரே இலக்கு. அரை மணி நேரம் ஓடவிட்டு அளக்க வேண்டும். மங்கலான திரை எட்டக்கூடிய அளவுக்குப் பிரகாசமான திரையைக் குறைப்பதே சரியான வழி. அதையும் மானிட்டரின் பின்னொளியில் செய்ய வேண்டும், மென்பொருளில் அல்ல. ஒளிர்வைப் பொறுத்தவரை கருவியின் வெற்றி ஏறத்தாழ முழுமையானது. நிறம் மாறுகிறது என்று நாம் சொல்லும் குறைகளில் பெரும்பகுதி ஒளிர்வு வேறுபாடுதான் என்பது என் கணிப்பு. அச்சில் படம் இருண்டு வருகிறது என்ற புகாருக்கும் பெரும்பாலும் காரணம், திரையை அளவுக்கு மீறிப் பிரகாசமாக வைத்துத் திருத்துவதே.

இனிதான் சிக்கல். கருவி இரு வெள்ளைகளும் ஒன்றே என்று எண்களால் உறுதி சொல்லும், கண் மறுக்கும். பலர் இங்கே கருவியைப் பழுதென்று ஒதுக்குகிறார்கள். அது நியாயமல்ல. எண்களுக்கு அடிப்படையான சராசரிக் கண், 1931இல் சிஐஇ என்ற பன்னாட்டு ஒளியூட்டல் அமைப்பு வகுத்தது. 1920களின் பிற்பகுதியில் ஆய்வாளர்களான ரைட் 10 பேரிடமும் கில்ட் 7 பேரிடமும் பிரிட்டனில் நடத்திய சோதனைகளிலிருந்து வந்தது அது. நீலப் பகுதியில் அந்தச் சராசரி குறைபட்டது என்று 1951இலேயே ஜட் என்ற ஆய்வாளர் திருத்தம் முன்வைத்தார். பழைய குழல் பின்னொளியும் புதிய விரிநிற எல்இடி பின்னொளியும் வெவ்வேறு அலைநீளங்களைக் கலந்து வெள்ளையைத் தருவதால், அந்தக் குறை இரண்டையும் அருகருகே வைக்கும்போது வெளியே தெரிகிறது. திரைத்துறை ஓஎல்இடி மானிட்டர்களைப் பழைய சிஆர்டியுடன் பொருத்த சோனி நிறுவனமே ஜட் திருத்தத்தைப் பரிந்துரைத்தது. வயதோடு கண்வில்லை மஞ்சளாவதால், ஒரே மேசையில் தந்தைக்கும் மகனுக்கும் வேறு வேறு வெள்ளை தெரியவும் கூடும்.

இதற்கு மருந்து உண்டு. முதல் திரையைக் கருவியால் முடித்துவிட்டு, இரண்டாவதன் வெள்ளையை மட்டும் அதைப் பார்த்துக் கண்ணால் நகர்த்தி, அங்கிருந்து மீண்டும் அளந்து புரொஃபைல் எடுக்கலாம். டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே வசதி இருக்கிறது. திரைகள் நகலாக அல்லாமல் நீட்டிப்பாக இணைந்திருந்தால்தான் தனித்தனிப் புரொஃபைல் வேலை செய்யும்.

மருந்தில்லாதது நிறவீச்சு. ஒரு திரை அடோபி ஆர்ஜிபி அளவுக்கு விரிந்தும் மற்றது எஸ்ஆர்ஜிபியோடும் நின்றால், இளந்தளிர்ப் பச்சையை இரண்டாவது காட்டவே முடியாது. எந்தக் கேலிபரேஷனும் இல்லாத நிறத்தை உண்டாக்காது. விரிந்ததை எஸ்ஆர்ஜிபி நிலைக்குச் சுருக்கினால் பொருத்தம் வரும். அதற்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய நிறங்களை விட்டுக்கொடுக்க வேண்டும். டிஎன் பேனல் கொண்ட மடிக்கணினி இரண்டாம் திரையானால் தலையைச் சற்று அசைத்தாலே நிறம் மாறும். அங்கே பொருத்தும் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

என் முடிவு இது: ஒரே மாதிரியில், ஒரே காலத்தில் வாங்கிய இரு மானிட்டர்கள் என்றால் முழுப் பொருத்தத்தை நாடுங்கள், கிடைக்கும். டிஎன் திரை இல்லாத மற்ற இணைகளுக்கு ஒளிர்வும் வெள்ளையும் பொருந்தினால் போதும். இரண்டு நடுத்தர மானிட்டர்களுக்குச் செலவிடும் தொகையை ஒரு நல்ல ஐபிஎஸ் மானிட்டருக்கும் ஒரு கலரிமீட்டருக்கும் செலவிடுங்கள். நிறத்தைத் தீர்ப்பது அந்த ஒரு திரையாகவே இருக்கட்டும். மற்றதில் கருவிப் பட்டைகளை வையுங்கள்.