திருப்புளி பிடித்த கை

பெங்களூரில் சொந்த வீடு வாங்க வழியில்லாதவர்களுக்கு ஆண்டவன் கொடுத்த ஆறுதல் எஸ்.பி. ரோடு. முழுப்பெயர் சதர் பத்ரப்பா ரோடு. சிக்பேட்டை மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒரு கடை முழுக்க போல்ட், நட். அடுத்த கடையில் பேரிங். அதற்கடுத்து மோட்டார், ஒயர், ஸ்பேனர், ரம்பம், கம்ப்யூட்டர் பாகம். புடவைக் கடைக்குள் அரை மணி நேரத்தில் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். எஸ்.பி. ரோட்டில் விட்டால் ஷட்டரை இறக்குகிற வரை திரும்ப மாட்டேன். வீட்டு ரிப்பேரையும் அலங்காரத்தையும் நம் கையாலேயே செய்துகொள்ளும் பைத்தியம் எனக்கு முற்றிவிட்டது. உங்களையும் தொற்றட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த ஊரில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இரண்டு சடங்குகள் தெரிந்திருக்கும். உள்ளே வரும்போது அட்வான்ஸ். பத்து மாத வாடகை என்பது பழைய வழக்கம், இப்போது பல இடங்களில் குறைந்திருக்கிறது. வெளியே போகும்போது அதிலிருந்து ஒரு மாத வாடகையைப் பெயின்டிங் செலவு என்று ஓனர் பிடித்துக்கொள்வார். இரண்டுக்கும் நடுவில் நாம் குடியிருக்கிறோம். ஆணி அடிக்கப் பயம், குழாய் சொட்டினால் போன் பண்ணத் தயக்கம். பிளம்பர் ‘இதோ வரேம்மா’ என்பார். அந்த ‘இதோ’ எந்த ஞாயிற்றுக்கிழமை என்று பஞ்சாங்கத்திலும் இருக்காது. அல்சூரில் ஒரு மாடி வீட்டில் இருக்கும் நான் அவருக்காகக் காத்திருப்பதை நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து வாழ்க்கை எவ்வளவு இனிக்கிறது தெரியுமா!

சொட்டுகிற குழாயில் ஆரம்பியுங்கள். இதைவிடச் சுலபமான வெற்றி உலகத்தில் கிடையாது. தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட வேண்டும். தலையில் இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்பேனரால் ஸ்பிண்டிலைத் திருகி வெளியே எடுத்தால், அதன் அடியில் நசுங்கிப் போன ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். ராத்திரி முழுக்க நம் தூக்கத்தைக் கெடுத்த குற்றவாளி அதுதான். அதைக் கையோடு எடுத்துப் போய் அதே அளவில் புதிது வாங்குங்கள், சில்லறைக் காசுதான். கால் திருப்பில் திறக்கிற புது மாடல் குழாயென்றால் உள்ளே வாஷருக்குப் பதில் பீங்கான் தட்டு வைத்த கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதை முழுசாக மாற்றவேண்டும். மரை இருக்கிற இடத்தில் டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போது கழன்று வந்துவிடும். அவ்வளவுதான், சொட்டு நிற்கும். அந்த நிசப்தத்தை ஒரு தடவை கேட்டவர்கள் பிறகு எந்தக் குழாயையும் சும்மா விடமாட்டார்கள்.

பெங்களூர் போர்வெல் தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். காவிரித் தண்ணீர் வராத தெருக்களில் ஷவர் துளையெல்லாம் வெள்ளை வெள்ளையாக அடைத்துப் போகும். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புது ஷவர் வாங்க ஓடாதீர்கள். வினிகரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் அத்தனை துளையும் திறந்துகொள்ளும். அதே வினிகரைக் கடப்பாக்கல் மேடைப் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது. கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை. புளிப்புப் பட்டால் அரித்துவிடும், பளபளப்பு போய்விடும்.

அடுத்த பரவசம் சீலிங் ஃபேன். மெதுவாகச் சுற்றுகிற ஃபேனைப் பார்த்ததும் மோட்டார் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல சமயம் பலவீனமானது அதன் கெபாசிட்டர்தான். பெரும்பாலான ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபாரட் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். எம்.சி.பி.யை இறக்கி, டெஸ்டரால் சரிபார்த்து, பழைய கெபாசிட்டரின் முனைகளைத் தொடாமல் கழற்றி, அதே அளவில் இன்னொன்றை மாட்டினால் போதும். நூறு ரூபாய்க்குள் ஃபேனுக்கு இளமை திரும்பிவிடும்! எலெக்ட்ரிக் சாமான்களுக்கு நான் போவது பி.வி.கே. ஐயங்கார் ரோடு. ‘ஏனு பேக்கு மேடம்?’ என்று கன்னடத்தில் ஆரம்பிக்கும் கடைக்காரர், பழைய கெபாசிட்டரை நீட்டியதும் தமிழுக்கு மாறிவிடுகிறார். 1905-லேயே தெருவிளக்குக்கு மின்சாரம் வந்த ஊர் இது. விளக்கு விற்கும் தெருவுக்கு இங்கே கேட்கவா வேண்டும்?

இதையெல்லாம் யாரிடம் கற்றாய் என்பீர்கள். முதல் குரு ரிப்பேர் கஃபே. மார்ட்டீன் போஸ்ட்மா என்ற பெண்மணி 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி வைத்த யோசனை அது. பெங்களூரில் 2015-இல் பூர்ணா சர்க்காரும் அந்தரா முகர்ஜியும் அதைக் கொண்டுவந்தார்கள். ஒரு பேட்டையில் ஒருநாள் கூடுவார்கள். பழுதான மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், டேபிள் லேம்ப் என்று எதை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் கொடுத்துவிட்டு நழுவ முடியாது. ரிப்பேர் தெரிந்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, நாமும் ஸ்க்ரூவைக் கழற்றவேண்டும். அதுதான் அழகே! மிக்ஸியின் அடியில் ஜார் உட்காரும் கப்ளர் தேய்ந்தால் மிக்ஸி கத்தும், ஜார் சுற்றாது. அந்தக் கப்ளரைப் பெரும்பாலான மிக்ஸிகளில் வலப்பக்கம் திருப்பித்தான் கழற்றவேண்டும், மரை தலைகீழ். இந்த ஒரு ரகசியத்துக்காகவே நான் ஜென்மத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது குரு, கீழ் வீட்டு மாமா. எச்.எம்.டி.யில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பெங்களூரின் உண்மையான சொத்து ஐ.டி. பார்க் இல்லை, இந்த மாமாக்கள்தான் என்பது என் கட்சி. 1940-இல் எச்.ஏ.எல்., 1948-இல் ஐ.டி.ஐ., 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பி.இ.எல். என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்த ஊர் இது. வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. அந்தத் தலைமுறையில் யார் வீட்டுப் பரணில் கை வைத்தாலும் ஒரு வெர்னியர் காலிப்பர் அகப்படும். சுவரில் துளை போட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மாமாதான். “மெஷினை அழுத்தாதேம்மா, அதுவா உள்ளே போகும். நேரா பிடிக்கிறது மட்டும்தான் உன் வேலை” என்றார். இந்த ஊரில் பல வீடுகள் சாலிட் கான்கிரீட் பிளாக்கில் கட்டியவை. சாதா டிரில் அதில் வழுக்கும். ஹேமர் வசதியுள்ள இம்பாக்ட் டிரில்லும் கான்கிரீட்டுக்கான பிட்டும் வேண்டும். 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே கூடாது. உள்ளே ஒயர் போகும். குழாய்க்கு நேர் மேலேயும் அதே கதை. ரசமட்டம் வைத்துக் கோடு போட்டு, என் புத்தக ஷெல்ஃபை மாட்டி, அதன்மேல் கல்கியையும் தி. ஜானகிராமனையும் அடுக்கி நிறுத்தியபோது, அடடா, கிரகப்பிரவேசம் செய்த மாதிரி இருந்தது.

இனி பெயின்ட். ரோலரும் மாஸ்கிங் டேப்பும் கையில் வந்தால் பெங்களூர் வீடு எப்படி வேண்டுமானாலும் மாறும். ஆனால் காலம் பார்க்கவேண்டும். இங்கே அதிக மழை கொட்டுவது செப்டம்பரில். ஜனவரி முதல் மார்ச் வரை காற்று காய்ந்திருக்கும். பட்டி பார்க்கவும் பெயின்ட் அடிக்கவும் அதுதான் சுபமுகூர்த்தம். சுவரில் உப்புப் பூத்திருந்தால் அதன் மேலேயே அடிக்காதீர்கள், மறுபடி பொரிந்துவிடும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு வித்தை உண்டு. ஒரு துண்டு பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒருநாள் விடுங்கள். ஷீட்டுக்குப் பின்னால் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முதலில் பைப்பையோ மொட்டைமாடியையோ பார்க்கவேண்டும். முன்பக்கம் வேர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. உப்புத்தாள் தேய்த்து, பட்டி வைத்து, மறுபடி தேய்த்து, பிரைமர், பிறகு இரண்டு கோட் எமல்ஷன். பத்துக்குப் பத்து சுவருக்கு இரண்டு கோட்டுக்கும் சேர்த்து இரண்டு லிட்டர் போதும். நான்கு சுவருக்கும் புதுக் கலர் வேண்டாம். ஒரே ஒரு சுவர், உங்களுக்கு உயிரான ஒரு கலர். அறையே எழுந்து உட்காரும்.

எங்கள் வரவேற்பறைக்கு நான் யோசனை சுட்டது தி அக்லி இந்தியன் குழுவிடமிருந்து. 2010 முதல் பெயர் சொல்லாமல் பெங்களூர் நடைபாதைகளைச் சுத்தம் செய்பவர்கள் அவர்கள். தெருச் சுவரின் கீழ்ப்பகுதிக்குக் காவிச் சிவப்பு, மேலே வெளிர் நிறம் அடிப்பார்கள், அழுக்கு தெரியாது. என் பிள்ளை பந்தடிக்கிற சுவருக்கு இதைவிட நல்ல யோசனை எந்த இன்டீரியர் டிசைனர் கொடுப்பார்?

சாமான் செட்டுக்கு என்னிடம் இரண்டு வழி. பச்சை லைன் மெட்ரோ ஏறி நாகசந்திராவில் இறங்கினால் ஐகியா. 2022 ஜூனில் திறந்தார்கள். ஆலன் கீ பிடித்து அலமாரி பூட்டுவதில் ஒரு தனி சுகம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் என் மனசு பழைய சாமான் விற்கும் குஜிரிக் கடையில். வெளிநாடு போகிறவர்களும் ஏரியா மாறுகிறவர்களும் விட்டுவிட்டுப் போகிற தேக்கு ஸ்டூலும் மேஜையும் அங்கே தூசியில் தவம் கிடக்கும். 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120, 220 என்று மர ரேகை போகிற திசையிலேயே தேய்க்கவேண்டும். அடியிலிருந்து தேக்கின் பொன்னிறம் மெல்ல மெல்ல எழுந்து வரும்போது கை வலி யாருக்கு நினைவிருக்கும்? அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் மெல்லிசாகப் பூசினால் பாலிஷ் முடிந்தது. மேஜை டிராயருக்குச் சென்னபட்டணத்து அரக்குக் குமிழ்கள் போட்டேன். மைசூர் ரோட்டில் 60 கிலோமீட்டர் போனால் வரும் ஊர்; பொம்மை செய்கிற அதே கையால் கைப்பிடியும் கடைகிறார்கள். மஞ்சளும் சிவப்புமாக அந்தக் குமிழ்கள் வந்து உட்கார்ந்ததும், அது பழைய மேஜை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பவில்லை.

எல்லாவற்றையும் நாமே செய்துவிட முடியாது. மெயின் போர்டு, எர்த் ஒயர், கேஸ் லைன், கீசர், உத்தரம், தூண் — இவற்றில் நான் கை வைப்பதில்லை; லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடுகிறேன். ஏணியில் ஏறும்போது கீழே ஒரு ஆள் பிடிக்கவேண்டும். டிரில் பிடித்தால் கண்ணாடி, உப்புத்தாள் பிடித்தால் மாஸ்க். இன்னொன்று, வாடகை வீட்டில் துளை போடுவதற்கும் கலர் மாற்றுவதற்கும் முன்னால் ஓனரிடம் வாட்ஸாப்பிலாவது எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். நான் வாங்கினேன். சம்மதம் கொடுத்த ஓனர் அம்மா, வேலை முடிந்ததும் மாடியேறி வந்து காவிச் சுவரைத் தடவிப் பார்த்தார், ஷெல்ஃபை ஆட்டிப் பார்த்தார், டிராயரை இழுத்து மூடினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “நம்மனே நல்லினூ சோர்த்திதே, ஸ்வல்ப நோட்தீயாம்மா?” எங்கள் வீட்டுக் குழாயும் ஒழுகுகிறது, கொஞ்சம் பார்ப்பாயா என்றுதான். அன்று சாயங்காலமே இறங்கிப் போய் அவர் வீட்டுச் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக் கொடுத்தேன். அடுத்த அக்ரிமென்ட்டில் பெயின்டிங் பிடித்தம் என்ற வரியை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.