தத்தை விடு தூதும் கொட்டியாரக் கரையும்

திருகோணமலை தந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1892இல் வெளியிட்ட 'தத்தை விடு தூது' பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு காலக்கணக்கோடு நின்றுவிடுவர். அந்நூல் வெளிவந்தபோது பாரதிக்கு வயது பத்து. ஆகவே நவீன கவிதையில் பெண்விடுதலைக் குரல் ஈழத்தவர் ஒருவரிடமிருந்தே முந்தி எழுந்தது என்பது அவர்தம் வாதம். முதன்மை நாட்டும் இவ்வார்வம் இயல்பானதே. ஆயினும் முந்தியவர் யார் என்ற வினா, எந்தப் பெண்ணின் விடுதலை என்ற வினாவை மறைத்துவிட்டது.

தூதுப் பிரபந்தத்தில் தலைவி தன் காதல் நோயை உரைப்பதே மரபு. சரவணமுத்துப்பிள்ளை தூது வடிவிலேயே சமூகக் கண்டனத்தை வைத்தார். பெண்ணை வீட்டினுள் அடைத்துவைத்தலும் அவள் மனமறியாது மணமுடித்தலும் அங்குக் கண்டிக்கப்படுகின்றன. 1895இல் 'மோகனாங்கி' என்னும் வரலாற்று நாவலைப் படைத்த அவரது புதுமை நாட்டம் ஐயத்துக்கு இடமற்றது. எனினும் அத்தலைவி, அடைத்துவைக்கப்படத்தக்க வீட்டுப் பெண். மகளை உள்ளே இருத்திச் சோறிட வல்ல குடும்பத்திலேதான் அச்சிறை சாத்தியம். கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த ஆழமற்ற நீரில் இடுப்பளவு இறங்கி மட்டி எடுக்கும் பெண்ணை எவரும் கதவடைத்து வைத்திலர். அவளுக்கு மறுக்கப்படுவது வெளியே வரும் உரிமையன்று. வெளியே அவள் செய்வது தொழில் என்னும் ஏற்பு.

இவ்வேற்பைப் பின்வந்த புனைகதையேனும் வழங்கிற்றா? மூதூர் வ. அ. இராசரத்தினம் கடலோர மாந்தரை உரிமையோடு இலக்கியத்துள் கொணர்ந்தவர். 'தோணி', 'துறைக்காரன்' என்னும் அவரது நூற்றலைப்புகளே ஓர் உண்மையைப் புலப்படுத்துவன. தோணி ஆணின் உடைமை, துறைக்காரனும் ஆணே. தோணி புறப்படுகையில் தொடங்கும் தொழில் அது கரை சேர்கையில் முடிந்துவிடுகிறது என்னும் எண்ணம் நம் கடலோர எழுத்தில் பரவலாக உண்டு. மீனைத் தரம்பிரித்தல், உப்பிட்டுக் கருவாடாக்குதல், தெருத்தெருவாக விற்றல் ஆகியன அதன்பின் நிகழ்வன. இதனை இராசரத்தினம் ஒருவரது குறை எனல் முறையன்று. பங்கு பிரிக்கும் கடற்கரை வழக்கிலேயே தோணிக்கும் வலைக்கும்கூடப் பங்கு உண்டு. கருவாடு உணக்கும் மனைவியின் கைக்கு அவ்வாறு பங்கு எண்ணப்படுவதில்லை. எழுத்தாளர் கண்டது அக்கணக்கைத்தான்.

வியப்பு யாதெனின், புள்ளிவிபரமும் இதே கதையை எழுதுகிறது என்பதே. அண்மைய ஆண்டுகளின் தொழிற்படை அளவீடுகளின்படி, இலங்கையில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே தொழிற்படையில் உள்ளனர். ஆண்களிலோ பத்தில் ஏழுபேர். எஞ்சிய பெண்கள் பொருளாதார ரீதியில் செயற்படாதோர் எனப்படுகின்றனர். 2013இல் கூடிய தொழிற் புள்ளிவிபரவியலாளரின் 19ஆவது சர்வதேச மாநாடு, சொந்த நுகர்வுக்கான உற்பத்தியையும் வேலை என ஏற்றது. ஆனால் கூலிக்கோ இலாபத்துக்கோ செய்வதையே தொழில் என வரையறுத்தது. இதன் விளைவை மட்டிக் கூடையொன்றில் காணலாம். சந்தைக்குச் செல்லும் பாதியை எடுத்தபோது அவள் தொழிலாளி. உலைக்குச் செல்லும் மறுபாதியை எடுத்தபோது அல்லள். நீரில் நின்றவளோ ஒருத்தியே, நின்றதும் ஒரே காலைப்பொழுது.

ஆகவே பெண்களைப் பொருளாதாரத்துக்குள் 'கொண்டுவருதல்' பற்றி வரையப்படும் அறிக்கைகளை ஐயுற்றே வாசித்தல் வேண்டும். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாகவும், 1980 முதல் பிறீமா மாவாலையின் துறையாகவும் விளங்கிய இத்துறைமுகம் பற்றிய பேச்சு, வாயிற்கதவுக்குள் சம்பளம் பெறுவோரையே உழைப்போராகக் கொண்டது. போர் இக்கணக்கைக் குலைத்தது. 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்து முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தபோது, கணவனை இழந்த பெண்கள் குடும்பத்தலைவிகளாயினர். செயற்படாதோர் என்ற சொல் அவர்களுக்கு எவ்வகையிலும் பொருந்தாது.

காயத்திரி லொக்குகே, டொரத்தியா ஹில்ஹோர்ஸ்ட் ஆகியோர் திருகோணமலை மீன்பிடியில் பாலும் இனமும் பிறவும் பிணைந்து விளைவிக்கும் ஏற்றத்தாழ்வை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 'வலைக்கு வெளியே' எனப் பொருள்படும் தலைப்பை அதற்கு இட்டனர். தோணியையும் துறையையும் தலைப்பாக்கிய நம் புனைகதை நில்லாத இடத்தில் நின்று வைக்கப்பட்ட தலைப்பு அது.