கட்டம் போட்ட பாவாடை

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ரூஸ்வெல்ட் அவென்யூவுக்கு மேலே 7ஆம் எண் ரயில் தடதடத்து ஓடும். கீழே கொலம்பியா ரொட்டிக் கடை, வங்கதேச மளிகை, திபெத்திய மோமோ. இந்த ஜாக்சன் ஹைட்ஸ் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குப் பள்ளிகளின் சீருடைமேல் எனக்குத் தனிப் பிரியம். மடிப்பு வைத்து, கட்டம் போட்ட பாவாடை. பள்ளிக்குப் பள்ளி கட்டத்தின் நிறம் மாறும். ஓரத்தைக் கவனியுங்கள்: உள்மடிப்பைப் பிரித்து இறக்கிய இடத்தில் வெளுக்காத பட்டை ஒன்று தெரியும். பிள்ளை வளர்ந்தும் அதே பாவாடை ஓடுகிறது என்று அர்த்தம். குடியேறிய குடும்பத்தின் வரவுசெலவுக் கணக்கு முழுக்க அந்த ஒரு விரற்கடைத் துணியில் இருக்கிறது.

இந்தப் பள்ளிகளுக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1884இல் பால்டிமோரில் கூடிய அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள், ஒவ்வொரு பங்குக் கோயிலுக்கும் அருகே பள்ளி வேண்டும் என்று விதித்தார்கள். அன்றைய பொதுப்பள்ளிகளில் புராட்டஸ்டண்ட் வாடை தூக்கல் என்பது அவர்கள் குறை. கட்டடம் எழும்பியது அயர்லாந்து, இத்தாலி, போலந்துக் கூலிக்காரர்களின் காணிக்கையில். பாடம் சொன்னவர்கள் அற்பச் சம்பளம் வாங்கிய கன்னியாஸ்திரிகள். (பிரம்படியும் உண்டு, அதை ரசிக்க முடியாது.) இந்தப் பள்ளிகளுக்கு ஆபத்தாக, பிள்ளைகளைப் பொதுப்பள்ளிக்கே அனுப்ப வேண்டும் என்று ஆரிகன் மாநிலம் போட்ட சட்டத்தை 1925இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இன்று கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் இப்பள்ளிகளில் படிக்கிறார்கள். கன்னியாஸ்திரிகள் அருகிவிட்டார்கள், ஆசிரியர்களுக்கு முறையான சம்பளம் தர வேண்டியிருப்பதால் கட்டணமும் ஏறிவிட்டது. 1960களின் நடுவில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் படித்தார்கள். இப்போது சுமார் 17 லட்சம் பேர்.