கருப்பு வெளுக்காத படங்கள்

‘ஃபிலிம் நுவார்’ எனப்படும் இருள் படங்களின் பரம்பரையைப் பற்றி ஆண்டு விழா மலருக்கு எழுதும்படி நம் திரைப்பட மன்றச் செயலாளர் கேட்டார். மன்றத்துப் பெரியவர்கள் இருக்க நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் அவர் சொல்லைத் தட்ட முடியவில்லை.

பிரிட்டிஷ் படங்களில் நம்மவர்களில் பாதிப்பேர் கேரல் ரீட் கட்சி. ‘தி தேர்ட் மேன்’ (1949) ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் வாங்கியதை யார் மறுப்பார்கள்? நான் ஆண்டனி ஆஸ்குவித் கட்சி. அவருடைய ‘தி உமன் இன் குவெஸ்சன்’ (1950) படத்தில் கொலையான ஒருத்தியைப் பற்றி ஐந்து பேர் சொல்ல, ஐந்து விதமான பெண்கள் தெரிகிறார்கள். வீணை எஸ்.பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) அந்த வீட்டுப் பிள்ளை என்பதே என் வாதம். அது ‘ரஷோமோன்’ என்ற ஜப்பானியப் படத்தின் பிள்ளை என்னும் கட்சிக்காரர்கள் கோபிக்க வேண்டாம். ரஷோமோனில் உண்மை கடைசிவரை பிடிபடுவதில்லை; ‘அந்த நாள்’ படத்தில் துப்பறிபவராக வரும் ஜாவர் சீதாராமன் குற்றவாளியைப் பிடித்துவிடுகிறார். பாட்டில்லை, நடனமில்லை, முதல் காட்சியிலேயே சிவாஜி பிணம். 1954இல் ஏவி.எம். அதற்குத் துணிந்தது!

‘புதிய பறவை’ (1964) வேறு கிளை. பிரிட்டிஷ் படமான ‘சேஸ் எ குரூக்கட் ஷேடோ’ வங்காளம் சுற்றி நம்மிடம் வந்த கதை. கலரில் இருட்டைக் காட்டிய வித்தைக்கு ஒரு கும்பிடு.

எனக்குக் குரு, ஆர்.கே.பேட்டைப் பக்கம் டூரிங் கொட்டகையில் படம் ஓட்டிய ஆபரேட்டர் அண்ணன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. கார்பன் குச்சி தேயத் தேயத் திரையிலேயே கண்ணாக இருப்பார். “கருப்பு நூல் சாயம் விட்டா சேலையே போச்சுடா தம்பி, படமும் அப்படித்தான்” என்பார். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்காதே, எங்கே விழவில்லை என்று பார் என்பதே அவர் பாடம்.

இன்று சிலர், யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, டியூப் லைட்டை அணைக்காமலேயே படம் போடுகிறார்கள். டீ கொடுக்க வசதியாம். கருப்பு சாம்பலாகிறது, சாம்பல் சுண்ணாம்பாகிறது. டீ ஆறினால் சுட வைக்கலாம், நிழலை எப்படி ஐயா சுட வைப்பது? போதாக்குறைக்கு அறிமுக உரை. நாற்பது நிமிடம் பேசி, முடிக்கும்போது கொலையாளி யாரென்றும் சொல்லிவிட்டு உட்காருகிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. பக்கத்தில் முதன்முறை படம் பார்க்க வந்த பையன் எழுந்து போனதைக் கண்ணால் பார்த்தேன். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆண்டு விழாவுக்கு ‘அந்த நாள்’ போடுவதாகச் செயலாளர் சொல்கிறார். சுவிட்சு போர்டுக்குப் பக்கத்து நாற்காலியை எனக்குக் கொடுங்கள். கொலையாளி யாரென்று இந்தக் கட்டுரையில் நான் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள்.