கழுதைப்புலி யாருக்கு உறவு?

கழுதைப்புலியின் படத்தைப் பார்த்ததும் உங்களுக்கு எந்த விலங்கு நினைவுக்கு வருகிறது? பெரும்பாலோர் நாய் என்றே கூறுவர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசும் 1758-இல் அவ்வாறே கருதி, அதனை நாயுடனும் ஓநாயுடனும் ஒரே பேரினத்தில் சேர்த்தார். கீரியைப் புனுகுப்பூனையின் பேரினத்தில் வைத்தார்.

இவற்றுள் முதற்பிழை விரைவிலேயே திருந்தியது. 1869-இல் ஆங்கில உடற்கூற்றியல் அறிஞர் ஃபிளவர், ஊனுண்ணிகளின் மண்டையோட்டு அடிப்பகுதியை ஆராய்ந்தார். நடுச்செவியைச் சூழ்ந்த எலும்புக் குமிழும் அதனருகிலுள்ள துளைகளுமே அவர் கொண்ட சான்றுகள். அவற்றின்படி கழுதைப்புலி நாய்ப் பிரிவிலிருந்து நீங்கி, பூனை, புனுகுப்பூனை, கீரி ஆகியவை அடங்கிய பிரிவில் இடம் பெற்றது.

இரண்டாவது பிழையோ நெடுங்காலம் நிலைத்தது. அமெரிக்க அறிஞர் சிம்ப்சன் 1945-இல் வெளியிட்ட பாலூட்டி வகைப்பாடு ஓர் அரிய சாதனை என்பதில் ஐயமில்லை. வாழும் இனங்களையும் அழிந்த இனங்களையும் ஒரே ஒழுங்கில் அடுக்கிக் காட்டிய நூல் அது. ஆயினும், கீரிகள் தனிக் குடும்பம் என்று போக்காக் என்ற அறிஞர் முன்பே வாதிட்டிருந்தும், சிம்ப்சன் அவற்றைப் புனுகுப்பூனைக் குடும்பத்திலேயே வைத்தார். பூனையுமல்லாத, கழுதைப்புலியுமல்லாத எல்லாவற்றையும் போட்டுவைக்கும் கூடையாயிற்று அக்குடும்பம்.

இதில் குறை என்ன? நீண்ட உடல், குட்டைக் கால், கூரிய முகம் ஆகியவை மூதாதையரிடமிருந்து மாறாமல் வந்த பண்புகள். பாட்டனாரின் மூக்கு இரு பேரர்களுக்கு வாய்த்திருப்பதால் மட்டும் அவர்கள் உடன்பிறந்தோர் ஆவார்களா?

மடகாஸ்கர் தீவின் ஊனுண்ணிகளைப் பாருங்கள். அவற்றுள் ஃபோசா என்பது பூனை போன்றது. வேறு சில கீரி போன்றவை. இன்னும் சில புனுகுப்பூனை போன்றவை. தோற்றத்தை நம்பிய சிம்ப்சன் இவற்றை வெவ்வேறு துணைக்குடும்பங்களில் பிரித்து வைத்தார். 2003-இல் வெளிவந்த டி.என்.ஏ. ஆய்வு வேறு கதை சொன்னது. ஏறத்தாழ 180 முதல் 240 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேறிய ஒரே மூதாதையின் வழித்தோன்றல்களே இவை யாவும்! இவற்றுக்கு மிக நெருங்கிய உறவு கீரிகள். அடுத்த உறவு கழுதைப்புலிகள். ஆகவே கீரிக்குப் புனுகுப்பூனையைவிடக் கழுதைப்புலியே நெருங்கிய உறவு.

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. மடகாஸ்கரின் காடுகள் அழிந்து வருகின்றன. பழைய பட்டியலின்படி அங்கே மறையப்போவது பெரிய குடும்பமொன்றின் சில கிளைகளே. உண்மையிலோ, உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு முழுக் குடும்பமே ஆபத்தில் உள்ளது.

மாணவ நண்பர்களே, பெயரையும் தோற்றத்தையும் மட்டும் நம்பாதீர்கள். நம்மூர் மரநாய், நாயன்று. புனுகுப்பூனையும் பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. இரண்டும் ஒரே குடும்பத்தவை. கீரியைப் புனுகுப்பூனைக் குடும்பம் என்று கூறும் நூல் உங்கள் கைக்குக் கிடைத்தால், அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது, எந்தச் சான்றைக் கொண்டு அவ்வாறு கூறுகிறது என்று பாருங்கள்.