குனிந்து பார்ப்பது

பழைய ரோலைஃப்ளெக்ஸ் ஒன்றை வாங்கலாமா என்று மூன்று மாதமாக மனசு அலைகிறது. ஆசையை மூட்டியவர் விவியன் மேயர். சிகாகோ வீடுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தபடி தெருவைப் படமெடுத்து, பெரும்பாலும் யாருக்கும் காட்டாமலே 2009இல் இறந்துபோனவர்.

அந்தச் சதுர நெகட்டிவின் துல்லியத்தைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். ரோலைஃப்ளெக்ஸை வயிற்றருகே பிடித்து, குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். எதிரில் நிற்பவருக்கு, இந்தம்மா ஏதோ பெட்டியை நோண்டுது, அவ்வளவுதான். முகத்தில் போஸ் ஏறுவதற்குள் படம் முடிந்துவிடும். கேமரா கீழே இருப்பதால் சாதாரண ஆட்களும் அவர் படங்களில் கொஞ்சம் உயர்ந்து நிற்கிறார்கள்.

சரி, ஃபோனையும் வயிற்றருகே பிடிக்கலாமே? பிடித்துப் பார்த்தேன். ஒரே டீக்கடையில் நாற்பது படம், ஒன்றும் தேறவில்லை. மேயர் பெரும்பாலும் ஒரு காட்சிக்கு ஒரு படம்தான் எடுத்தார். சுருளுக்குப் பன்னிரண்டே படம் என்ற கணக்கு எனக்கும் அந்த நிதானத்தைத் தரும் என்று வாதாடி, விற்பவரிடம் விலையும் பேசிவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. அவர் கழுவாமலே விட்டுப்போன சுருள்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பிற்காலத்தில் 35 மி.மீ. லைக்காவையும் எடுத்துக்கொண்டார், பெட்டியின் மேல் பக்தியெல்லாம் இல்லை. பக்தி எனக்குத்தான். எடுத்த படத்தை அன்றைக்கே நாலு பேருக்குக் காட்டாமல் நான் தூங்கியதே கிடையாது.

இப்போதைக்கு வேண்டாங்க என்று விற்பவரிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறு வரை வைத்திருக்கிறேன் என்கிறார்.