நந்தனார் கதையில் 'நாளை'

திருநாளைப்போவார் வரலாற்றைச் சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் பெயரளவில் சுட்டினார். நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டளவில் விரித்தார். 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் 37 பாடல்களால் முழு வரலாறாக்கினார். பின்னர்க் கோபாலகிருஷ்ண பாரதியார் அதனை இசைப் பாடல்களால் இயன்ற சரித்திரமாகச் செய்தார். அது 1861 இல் அச்சேறியது. இந்நூலை மூலத்தினின்று வழுவியதெனக் கடிந்தோரும் உளர். சீர்திருத்த நூலெனப் போற்றினோரும் உளர். பாரதியார் கதையை மாற்றியது தகுமா என்பதே இரு திறத்தாரின் வினாவும் ஆயிற்று. மாறியது யாது என்பதை நுணுகி நோக்கினாரல்லர். கதைத்தலைவரின் பெயரிலேயே அமைந்த 'நாளை' என்னும் சொல் இரு நூல்களிலும் ஒரு பொருளில் வழங்கவில்லை என்பதே ஈண்டு யாம் காட்டப் புகுவது.

சேக்கிழாரின் நந்தனார் எவர்க்கும் பண்ணையாள் அல்லர். ஆதனூர்ப் புலைப்பாடியில், ஊர்த்தொண்டிற்கென விடப்பட்ட நிலத்தின் விளைவை உணவுரிமையாகக் கொண்டு வாழ்பவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழிற்கும் நரம்பும், வழிபாட்டிற்குக் கோரோசனையும் அளிப்பவர். திருப்புன்கூருக்குச் செல்ல நினைந்தார், சென்றார். எவரிடமும் விடைபெற்றதாகச் செய்தி இல்லை. ஆங்கு நந்தி விலகிற்று. குளம் ஒன்றும் அகழ்ந்தார். தில்லைக்குச் செல்லும் வேட்கையைத் தடுப்பதோ அவர் நெஞ்சமே. தம் பிறப்பு அதற்கு இசையாதென எண்ணிச் செலவு தவிர்கின்றார்; மீண்டும் வேட்கை மிக, நாளைச் செல்வேன் என்கின்றார். ஆகவே இங்கு 'நாளை' என்பது தயக்கத்தின் பெயர். அத்தயக்கத்தை அவர் உள்ளத்தில் ஊன்றியது சமுதாயமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சமுதாயத்திற்குக் காப்பியத்துள் முகம் இல்லை.

பாரதியார் அம்முகத்தைப் படைத்தார். அவர் நூலில் நந்தனார் நிலமுடைய வேதியர் ஒருவரின் பண்ணையாள். தில்லைத் திருவாதிரைக்குச் செல்ல ஆண்டையின் இசைவு வேண்டும், அதனைக் கேட்கின்றார், மறுக்கப்படுகின்றார். உழவு கிடக்கின்றது, நடவு கிடக்கின்றது. சேரியில் பிறந்தவனுக்கு மார்கழித் திருநாள் எதற்கு என்னும் இகழ்ச்சியும் உடன் வருகின்றது. இனி 'நாளை' நந்தனாரின் தயக்கம் அன்று. அவருடைய நாளை எப்போது வரும் என்பதைப் பிறரொருவர் வரையறுக்கின்றார். பிறப்பு என்னும் தடையோடு வேலை என்னும் தடையும் பிணைந்து நிற்றலை, அதிலும் முன்னது பின்னதற்குக் காவலாய் அமைதலை, இத்துணைத் தெளிவாகக் காட்டிய நூல் அதற்கு முன் தமிழில் யாம் கண்டதில்லை. சேரியின் முதியோரும் தம் ஊர்த் தெய்வங்களை விட்டுத் தில்லையை நாடுதல் ஏன் என்று நந்தனாரைத் தடுப்பதாகப் பாரதியார் பாடினமையும் நோக்கத்தக்கது. அடங்கியிருந்தோர் அடக்கத்தைத் தாமே காத்தல் எங்ஙனம் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

இதனைக் கற்பனை என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. அடிமையுடைமைக்குச் சட்டத்தின் ஏற்பு இல்லையென 1843 ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் விதித்தது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து அச்சேறிய நூலில் ஒருவன் ஊரை விட்டு ஒரு நாள் செல்ல விடை வேண்டி நிற்கின்றான். சட்டம் சொன்னதற்கும் காவிரிக் கழனியில் நடந்ததற்கும் இடையிலிருந்த தொலைவை ஒரு பத்திப் பாடல் நூல் அளந்து காட்டுகின்றது. சேக்கிழார் காலத்து ஊர்த்தொண்டு நிலம் பாரதியார் நூலில் காணப்படாமையும் இதனோடு சேர்த்து எண்ணற்பாலது.

எனினும் பாரதியாரை முற்றும் புகழ்ந்து செல்ல யாம் விரும்பவில்லை. நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்தபின் செல்க என்று ஆண்டை பணிக்க, இறையருளால் ஓரிரவில் பயிர் விளைந்து நிற்கின்றது; வேதியர் நந்தனாரின் பெருமை உணர்ந்து பணிகின்றார். விடை கிடைத்தது, ஆயின் விடை வேண்டும் முறைமை அவ்வாறே நின்றது. வேலை முழுதும் முடிந்த பின்னரே பணியாளன் செல்லலாம் என்னும் விதியை இறைவனும் மீறவில்லை, நிறைவேற்றியே கொடுத்தான். தில்லையின் தீயும் அங்ஙனமே: சேக்கிழார் மூட்டிய நெருப்பைப் பாரதியார் அவிக்கவில்லை. 1930களில் புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' என்னும் சிறுகதையில், அதே ஆதனூரைக் களனாக்கி, நெருப்பிருந்த இடத்தில் புகைவண்டிப் பாதையை வைத்தார். அங்கு எவரும் முனிவராய் எழவில்லை.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இசைப் பாடல்களின் இலக்கண வழுக்களையும் கதை பெரியபுராணத்தோடு மாறுபடுதலையும் கருதிச் சிறப்புப்பாயிரம் அளிக்கத் தயங்கினார் என்றும், பாரதியார் பன்முறை வந்து காத்திருந்தார் என்றும், பின்னர்ப் பாடலைக் கேட்டு நெகிழ்ந்தே பிள்ளை அளித்தார் என்றும் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். ('நாளை' என்பது நூலாசிரியரையும் விடவில்லை போலும்!) ஏட்டில் தடையுற்ற நூல் செவியில் வென்றது என்பதே இந்நிகழ்ச்சியின் சிறப்பு. தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் முதலியோர் இதனைக் கதாகாலட்சேபமாக நிகழ்த்தியபோது, கேட்டிருந்தோருள் நிலமுடையோரும் இருந்தனர். தம் பண்ணையில் அன்றாடம் வழங்கும் ஏச்சைப் பண்ணமைந்த பாட்டாகத் தம் அவையிலேயே கேட்கும் நிலை அவர்க்கு நேர்ந்தது. 1935 இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942 இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த திரைப்படங்களும் வேதியரை விடவில்லை. மதுரைக் கோயிலுள் ஒடுக்கப்பட்டோர் 1939 இல் நுழைந்தனர். சென்னை மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947 இல் வந்தது. இக்கதைதான் அவற்றைக் கொணர்ந்தது என்று கூற யாம் துணியோம். நெடுங்காலம் மக்கள் அறிந்த நந்தனார் சேக்கிழாருடையவர் அல்லர், பாரதியாருடையவரே என்பது மட்டும் உறுதி.

இன்று சரித்திரத்தை முழுமையாக நிகழ்த்துவோர் அரியர். உதிரிக் கீர்த்தனைகளே இசையரங்குகளில் வழங்குகின்றன. 'வருகலாமோ' என்பது கதையுள், கோயிலை அணுகலாகாதென விலக்கப்பட்ட ஒருவர் வாயிலில் நின்று கேட்கும் வினா. இசையரங்கில் அது எவ்வடியார்க்கும் உரிய உருக்கமாகக் கேட்கப்படுகின்றது. ஆண்டையின் மறுமொழியாய் அமைந்த பாடல்களோ அவ்வரங்குகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.